மெத்தை வரிசை

பல் பிடுங்கிக்கொண்ட மனுஷனுக்குப் பக்கவாதம் என்று ஒரு சபையே சேர்ந்து முடிவு கட்டிவிட்டால், அந்த மனுஷன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? லிஃப்ட்காரர் முதலில் சிரித்துப் பார்த்தார். பிறகு விளக்கிப் பார்த்தார். கடைசியில் கோபப்பட்டும் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. கோபப்பட்டதுதான் இன்னும் வம்பாகப் போனது. "அந்த நோய் வந்தா கோபம் கூட வருமாம், பாவம்" என்று பேசிக்கொண்டார்கள்.

அவர் ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் லிஃப்ட்காரர் என்ற பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. ஊரில் பாதி அடுக்குமாடிகளுக்கு லிஃப்ட் மாட்டியதும் பழுது பார்த்ததும் அவர்தான். எழுபதைத் தாண்டியும் படிகளை இரண்டிரண்டாக ஏறுவார். லிஃப்டில் மட்டும் ஏற மாட்டார். அதன் லட்சணம் தெரிந்தவன் ஏறுவானா என்று கேட்பார்.

நடந்தது இவ்வளவுதான். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். கன்னம் வீங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வீட்டில் கிடந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடந்து பழக்கமில்லாத கட்டை, தலையைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு ஆலயத்துக்குக் கிளம்பிவிட்டது. பாட முடியாதே என்று பாடகர் குழு பெஞ்சுக்குப் போகாமல் கடைசி வரிசையில் ஒதுங்கினார். யாரோ நலம் விசாரித்தார்கள். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு இவர் என்னவோ குழறினார். ஆராதனை முடிவதற்குள் "லிஃப்ட்காரருக்கு வாய் கோணிடுச்சு" என்ற செய்தி வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது.

அடுத்த ஞாயிறு வீக்கம் வடிந்து, முகச்சவரம் செய்து, மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார். நோயாளிகளுக்கான ஜெபம் வந்தது. போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "பலவீனத்தில் இருக்கிற எங்கள் மூத்த சகோதரர் லிஃப்ட்காரரை உம்முடைய கரத்தில் ஒப்படைக்கிறோம்" என்றார். சபை முழுக்க ஆமென் என்றது. வாய்ப் பழக்கத்தில் இவரும் சத்தமாக ஆமென் என்றுவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபத்தில் ஒருவருடைய பெயர் ஏறிவிட்டால் தானாக இறங்காது. குணமானவர் எல்லோர் முன்னாலும் நின்று, கர்த்தர் என்னைக் குணமாக்கினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை வாராவாரம் ஜெபம் தொடரும். இடையில் நிறுத்துவது அன்பில்லாத செயல் என்று முன்னோர் யாரோ தீர்மானித்து வைத்திருந்தார்கள்.

பெயர் ஏறியவுடன் இடமும் மாறியது. போதகர் இளைஞர், நல்ல மனசுக்காரர். பெரியவர்களைத் தாங்க வேண்டும் என்று வந்ததுமே முன்பக்கம் வலது ஓரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே, மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டு, மூத்தோர் வரிசை என்று பெயரும் வைத்தார். குடிக்கத் தண்ணீர், கால் வைக்கச் சின்ன மணை, பெரிய எழுத்தில் பாட்டுத் தாள் என்று ஒரு குறையும் கிடையாது. அங்கே உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க முயன்றால் நான்கு பக்கமிருந்தும் கைகள் நீண்டு வந்து தோளை அமுக்கும். "நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்." லிஃப்ட்காரர் அதற்கு மெத்தை வரிசை என்று பெயர் வைத்திருந்தார், தான் அதில் உட்காராத காலத்தில்.

இப்போது அவருக்குப் பக்கத்து நாற்காலி தையல்காரம்மாவுடையது. எண்பதைத் தாண்டியவள், இன்னும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிறவள். எப்போதோ மழை நாளில் ஆலயப் படியில் வழுக்கி விழுந்தாள். அன்றைக்கு ஜெபத்தில் ஏறிய பெயர் இன்னும் இறங்கவில்லை.

"தம்பி, இங்கேருந்து வெளிய போக ரெண்டே வழிதான்" என்று அவள் ஜெபத்துக்கு நடுவில் கிசுகிசுத்தாள். "ஒண்ணு சாட்சி, இன்னொண்ணு சவப்பெட்டி."

"நீங்க சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கலாமே அக்கா?"

"படியில வழுக்கினதுக்கு என்னத்தைன்னு சாட்சி சொல்றது? படி காஞ்சிடுச்சுன்னா?"

லிஃப்ட்காரருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் தங்கவில்லை. அவர் பார்வை எதிர்ப்பக்கம் பாடகர் குழு பெஞ்சுக்கே ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. அங்கே பெஞ்சின் ஓரத்தில், விரித்த பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ரொட்டிக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

தனியாக என்றால் பக்கத்தில் ஆள் இல்லாமல் இல்லை. லிஃப்ட்காரருடைய இடத்தில் மருந்துக்கடைக்காரர் ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். நல்ல கனமான குரல். ஆனால் அந்த ஆள் தன் கைப்பேசியைப் பார்த்துப் பாடுகிறவர். புத்தகத்தின் பக்கம் திரும்புவதே இல்லை. ரொட்டிக்காரருடைய தடித்த விரல் பக்கத்தில் மேலும் கீழும் அலைந்தது. இங்கிருந்தே லிஃப்ட்காரருக்கு அது தெரிந்தது. அந்த விரல் எந்த வரியில் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்தது. எழுந்து போய்க் காட்ட முடியாது. கைகள் நீண்டுவிடும்.

ரொட்டிக்காரர் ரொட்டி அடுப்போடு ஆயுளைக் கழித்தவர். இப்போது கடையை மகன் பார்க்கிறான். பெரிய தொந்தி, அதற்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய இனிய குரல். இவர்கள் இரண்டு பேரும் இளவட்டங்களாகச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே புத்தகம். ஆண்களுக்கான மேல்குரல், கீழ்க்குரல் இரண்டின் சுரவரிசையும் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒன்றாக இருப்பதால் ஒரு புத்தகம் போதும் என்று அந்தக் காலத்தில் கொடுத்தார்கள். அப்புறம் புத்தகம் எத்தனையோ வந்தது. இவர்கள் இரண்டாவதைக் கேட்கவில்லை.

கடையை மகனிடம் விடுவதற்கு முன்னால் ஒரு நாள், ரொட்டிக்காரர் கடைக்குப் பின்னால், மாவு மூட்டைகளுக்கு நடுவில் இவரை உட்காரவைத்துச் சொன்னார். "மாவுல கையை வச்சுக்கிட்டு நிக்கிறேன்டா. உப்புப் போட்டேனா இல்லையான்னு தெரியல. போட்டேன். திரும்பவும் போட்டிருக்கேன். அன்னிக்குச் சுட்டது பூரா வாயில வைக்க முடியல."

"எல்லாருக்கும் மறக்கறதுதான்."

"இது அது இல்லடா. டாக்டரும் சொல்லிட்டாரு." கையில் ஒட்டியிருந்த மாவை உரித்துக்கொண்டே இருந்தார். "யாருக்கும் சொல்லாதே. சொன்னா அந்த மெத்தையில கொண்டுபோய் உக்கார வச்சுடுவாங்க. பாட்டு நின்னுபோச்சுன்னா அப்புறம் எனக்குன்னு என்னடா இருக்கு? சத்தியம் பண்ணு."

லிஃப்ட்காரர் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து விரல் வேலை அவருடையது. ரொட்டிக்காரருக்குப் பாட்டு மறக்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பழைய பாட்டெல்லாம் அடிமுதல் நுனிவரை நெஞ்சில் இருந்தது. எந்தப் பாட்டில் இருக்கிறோம் என்பதுதான் நழுவியது. ஒரே மெட்டில் இரண்டு மூன்று பாட்டுகள் உண்டு. ஒன்றில் தொடங்கி, மூச்சு வாங்குகிற இடத்தில் இன்னொன்றுக்குள் வழுக்கிப் போய்விடுவார். இவர் விரலை வரியில் வைத்து லேசாகத் தட்டினால் திரும்பி வந்துவிடுவார். எழ வேண்டிய இடத்தில் முழங்காலால் ஒரு இடி, உட்கார வேண்டிய இடத்தில் சட்டையில் ஒரு இழுப்பு. சபைக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இப்போது அந்த விரல் மெத்தை வரிசையில் சும்மா கிடந்தது. லிஃப்ட்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டிலும் அப்படித்தான். கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்து நடந்து மருமகளின் பொறுமையைத் தேய்த்துவிட்டார்.

"மாமா, கொஞ்சம் உக்காருங்களேன். பாக்கறவங்களுக்கே தலை சுத்துது."

"நீயும் ஆரம்பிச்சிட்டியா, உக்காருன்னு?"

மேசையில் பழங்கள் குவிந்துகொண்டே போயின. நலம் விசாரிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. வந்தவர்கள் இவருடைய வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "இப்ப ரொம்பத் தேவலை" என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கன்னத்தை விரலால் விலக்கி, பல் பிடுங்கிய இடத்தைக் காட்டியும் பார்த்தார். பெரியவர் வாயைத் திறந்து காட்டுகிறாரே என்று அவர்களுக்கு இன்னும் துக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை ஒத்திகைக்கு நேராகப் போய் நின்றார். பாடகர் குழுத் தலைவி அவரைக் கண்டதும் ஓடி வந்து நாற்காலி போட்டாள். வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள், இதற்கு நடுவில் குழுவையும் கட்டி மேய்க்கிற பெண். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"அங்கிள், நின்னுக்கிட்டே பாடணும், மூச்சடக்கணும். உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க என்ன பண்றது?"

"எனக்கு என்னம்மா ஆச்சு? பல்லுதானே போச்சு."

"சாட்சி சொல்லிட்டு வந்துடுங்க அங்கிள். அப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. உங்க இடம் உங்களுக்குத்தான்."

போதகரிடம் போனார். அவர் காப்பி வரவழைத்து, இவர் கையில் கோப்பையைக் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டார், சிந்திவிடுமோ என்று.

"ஐயா, வராத நோய்க்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது? அது பொய்யாயிடுமே. கர்த்தர் சந்நிதியில நின்னு பொய் சொல்லவா?"

"நீங்க தாழ்மையா பேசறீங்க" என்றார் போதகர் கனிவாக. "ஜனங்க எவ்வளவு கண்ணீரோட ஜெபிச்சிருக்காங்க தெரியுமா? ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

லிஃப்ட்காரர் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி உணர்ந்தார். மேலேயும் கதவு திறக்காது, கீழேயும் திறக்காது. உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டால் ஒரு நொடியில் வழி பிறக்கும். ஐயா, எனக்கு ஒன்றுமில்லை, அவனுக்குத்தான் நான் பக்கத்தில் வேண்டும் என்றால் போதும். ஆனால் அதைச் சொன்னால் போதகர் அடுத்த ஞாயிறே மெத்தை வரிசையில் இன்னொரு நாற்காலி போடுவார், அதுவும் அன்போடு. காப்பியைக் குடிக்காமலே கிளம்பினார்.

பிறகு ரொட்டிக்காரரின் மனைவி வந்தாள். பழம் கொண்டு வராத ஒரே விருந்தாளி. உட்காராமல் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை இவரு தனியாப் பாடணுமாம். நடுவுல ஒரு சரணம். குரல் நல்லாருக்குன்னு அந்தப் பொண்ணு குடுத்துடுச்சு. இவரும் சரின்னுட்டாரு."

"எந்தப் பாட்டு?"

அவள் சொன்னாள். லிஃப்ட்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அதே மெட்டில் இன்னொரு பழைய பாட்டு உண்டு, ரொட்டிக்காரர் சின்ன வயதிலிருந்து பாடிவந்தது.

"வீட்டுல பாடச் சொல்லிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அதுக்குள்ளதான் போறாரு. எல்லாரும் சிரிச்சா தாங்க மாட்டாருண்ணே. சாப்பாடு இறங்காது அந்த மனுஷனுக்கு." கதவை விட்டுவிட்டு உள்ளே ஒரு எட்டு வைத்தாள். "நீங்க எப்படியாவது பக்கத்துல வந்துடுங்க."

அந்த வாரம் முழுக்க லிஃப்ட்காரர் தனக்குத்தானே வழக்காடினார். பொய்தான். யார் குடியைக் கெடுக்கிற பொய்? யாருடையதையும் இல்லை. ஆனாலும் கர்த்தர் பெயரைச் சேர்த்துச் சொல்கிற பொய். ஆயுள் முழுக்க அறுந்த கம்பியை அறுந்தது என்றும் நல்ல கம்பியை நல்லது என்றும் சொல்லியே பிழைத்தவர். கம்பியில் பொய் சொன்னால் ஆள் செத்துவிடுவான். அந்தப் பழக்கம் நாக்கில் ஊறிக்கிடந்தது. ஞாயிறு காலையில் சட்டைப் பொத்தானைத் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டு நின்றார். மருமகள் வந்து கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரமும் பாடகர் குழு பாடுகிற நேரமும் அடுத்தடுத்து வரும். அதனால் குழு முன்னதாகவே எழுந்து நின்றுகொண்டது. ரொட்டிக்காரருக்கு முன்னால் ஒரு ஒலிவாங்கி வைத்திருந்தார்கள். அவர் புத்தகத்தைப் புரட்டினார், மூடினார், மறுபடி புரட்டினார். முகம் வியர்த்திருந்தது.

போதகர், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம்" என்றார்.

லிஃப்ட்காரர் எழுந்தார். கைகள் நீண்டன. இந்தத் தடவை அவற்றை ஒதுக்கிக்கொண்டு நடந்தார். தையல்காரம்மா, "போயிட்டு வா தம்பி, இல்ல, வராதே" என்றாள். சபையில் ஒரு சந்தோஷ முனகல் பரவியது. எத்தனை வாரத்து ஜெபம். முன்வரிசைப் பெண் ஒருத்தி இப்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார். "நான் வந்து… பலவீனமா இருந்தேன்." வெளியே வந்துவிட்டது. இன்னும் ஒரு வாக்கியம்தான் பாக்கி. "கர்த்தர் என்னை…"

"டேய் லிஃப்டு" என்று ஒரு குரல் ஒலிபெருக்கியில் ஆலயம் முழுக்கக் கேட்டது.

ரொட்டிக்காரர். ஒலிவாங்கி முன்னால் இருப்பதையே மறந்து, தன் கடையில் நின்று பேசுவது போலப் பேசினார். "உனக்கு என்னடா வியாதி? பல்லைத்தானே புடுங்கினே. அங்க நின்னு என்னத்தைக் கதை அளந்துக்கிட்டு இருக்கே? வாடா இங்க. எந்த வரியில இருக்கேன்னே தெரியல எனக்கு. நீ விரல் வைக்கலைன்னா எனக்கு ஒண்ணுமே நிக்க மாட்டேங்குதுன்னு உனக்குத் தெரியாதா? எத்தனை வாரமா தனியாத் திண்டாடுறேன்."

யாருக்கும் சொல்லாதே என்று மாவுக் கையோடு சத்தியம் வாங்கியவர், அந்தச் சத்தியத்தையே மறந்துவிட்டு ஊர் முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். லிஃப்ட்காரர் சாட்சியை அப்படியே விட்டுவிட்டுப் பாடகர் குழு பெஞ்சுக்கு நடந்தார். மருந்துக்கடைக்காரர் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

போதகர் ஒலிவாங்கியை நெருங்கினார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. கண்கள் மூட ஆரம்பித்தன.

"ஐயா" என்றாள் தையல்காரம்மா, மெத்தையில் உட்கார்ந்தபடியே. "அவருக்கு இப்பவே ஜெபிச்சிடாதீங்க. முதல்ல பாடட்டும்."

யாரோ சிரித்தார்கள். அது கேலிச் சிரிப்பு இல்லை. போதகர் திறந்த வாயை மூடி, மூடிய கண்ணைத் திறந்து, பின்னால் போய் உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. லிஃப்ட்காரர் புத்தகத்தின் தன் பக்கத்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தார். முதல் சரணம் சரியாகப் போனது. இரண்டாவது ரொட்டிக்காரருடைய சரணம். அந்த மெல்லிய குரல் எழும்பியது, ஒரு நடுக்கம் இல்லாமல். மூச்சு வாங்குகிற இடம் வந்தது. லிஃப்ட்காரர் வரியைத் தட்டினார். ரொட்டிக்காரர் அந்த விரலை ஈயை விலக்குகிறது போல விலக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பழைய பாட்டுக்குள் போய்விட்டார்.

தலைவியின் கை அந்தரத்தில் நின்றது. அவள் லிஃப்ட்காரரைப் பார்த்தாள். இன்னொரு தடவை தட்டினால் திரும்புவார். இத்தனை காலமும் தட்டித் தட்டித் திருப்பிக் கொண்டுவந்தவர்தான் இவர். இன்றைக்கு விரலை எடுத்துவிட்டு, அந்தப் பழைய பாட்டுக்கே கீழ்க்குரல் கொடுத்தார். தலைவி தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். குழு ஒவ்வொருவராக அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. சபைக்கும் தெரிந்த பாட்டுதான். மெத்தை வரிசையில் தையல்காரம்மா எழுந்து நின்று பாடினாள். அவள் தோளை அமுக்க ஒரு கையும் நீளவில்லை.

ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ரொட்டிக்காரர் இவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முகம் தெளிவாக இருந்தது, கண் மட்டும் எதையோ தேடியது. ஆலயக் கதவு பின்னால் இன்னும் திறந்தே இருந்தது.

"டேய், நான் ஏதாச்சும் உளறினேனா? எல்லாரும் என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு."

"இல்லடா" என்றார் லிஃப்ட்காரர். வாரக்கணக்காகத் தொண்டையில் நின்ற பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அவருக்குத் தெரியாது. "குடுத்த பாட்டை அப்படியே பாடினே. ஒரு எழுத்து தப்பல."

"யாருக்கும் சொல்லிடலியே நீ?"

"சத்தியம் பண்ணியிருக்கேனே."

ரொட்டிக்காரர் நிம்மதியாகத் தலையாட்டினார். சனிக்கிழமை ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேட்டார். இவர் சொன்னார். கடைசிப் படியில் நின்று மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும் சொன்னார்.